சிஸ்டம் திடீரென்று அணைகிறதா? ப்ராசஸர் சூடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்தாலே எனக்கு ஒரே மாதிரி ஃபோன்கள் வர ஆரம்பித்துவிடும். "சிஸ்டம் தானா ஆஃப் ஆகுது, ரேம் போயிடுச்சா?", "விண்டோஸ் ஃபார்மட் பண்ணியும் சரியாகலை, மதர்போர்டு மாத்தணுமா?" என்று. நிறைய பேர் கேட்பதற்கு முன்பே ஏதோ ஒன்றை மாற்றிப் பணத்தைச் செலவழித்திருப்பார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ப்ராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் முக்கிய சிப், சூடாவதுதான் காரணமா இல்லையா என்பதை வீட்டிலேயே, காசு செலவில்லாமல், ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிஸ்டம் நிற்பதற்குக் காரணம் ப்ராசஸர் சூடுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போதைய ப்ராசஸர் எதுவும் சூடானவுடன் நின்றுவிடாது. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் சூடு அடங்காவிட்டால்தான் நிற்கும். அதனால் அணைவதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கேம் தடுக்கித் தடுக்கி ஓடியதா, ஃபேன் உச்சத்தில் கத்தியதா, மவுஸ் நகர்வதே கனமாக இருந்ததா? அப்படியென்றால் சூடாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சை அணைத்தது போல பட்டென்று இருட்டானால், நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்எம்பிஎஸ்ஸை (கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி), இல்லையென்றால் யுபிஎஸ்ஸை.

அடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். காலையில் முதல் தடவை போட்டால் இருபது நிமிடம் ஓடி நிற்கிறது, உடனே மறுபடி போட்டால் மூன்றே நிமிடத்தில் நிற்கிறது, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் திரும்பவும் இருபது நிமிடம் ஓடுகிறது என்றால் அது பெரும்பாலும் சூடுதான். ஹீட் சிங்க் (ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்) ஏற்கெனவே சூடாக இருப்பதால் இரண்டாவது தடவை எல்லையைத் தொட ப்ராசஸருக்கு அதிக நேரம் தேவைப்படாது. ரேம் கோளாறு இப்படி நேரம் பார்த்து வராது. ஒரு நாள் பத்து தடவை வரும், மறுநாள் ஒரு தடவைகூட வராது.

சூடானால் ப்ராசஸர் எரிந்துபோகும் என்று சொல்வார்களே?

ஒரு காலத்தில் எரிந்ததுதான். 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தார், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்கைக் கழற்றி என்ன ஆகிறது என்று வீடியோ எடுத்துக் காட்டினார்கள். ஏஎம்டி அத்லான் புகைந்து செத்துப்போனது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது, ஹீட் சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பென்டியம் 4 செய்ததைத்தான் இன்று எல்லா ப்ராசஸரும் செய்கின்றன. இதற்குத் தெர்மல் த்ராட்லிங் என்று பெயர். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், விண்டோஸைக் கேட்காமல் ப்ராசஸரே மதர்போர்டுக்குச் சிக்னல் கொடுத்து மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும். நீங்கள் பார்க்கும் 'பட்' இதனாலும் வரலாம். ஆனால் அதற்கு முன்பு வேகம் குறைந்த கட்டம் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஹீட் சிங்க் மொத்தமாகக் கழன்று தொங்கினால் மட்டும் அந்தக் கட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

எத்தனை டிகிரி வரை இருந்தால் பயமில்லை?

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு உச்ச எல்லை பெரும்பாலும் 100 டிகிரி. ரைசன் 5000 வரிசைக்கு மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைசன் 7000 வரிசைக்கு 95, அதிலேயே 7800 எக்ஸ்3டி என்றால் 89. உங்கள் மாடலின் எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டியின் தளத்தில் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் 95-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லாக் கோரும் (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனி வேலைப் பகுதிகள்) முழு வேலை செய்யும்போது 95 வரை ஏறி அங்கேயே நிற்கட்டும் என்றுதான் ஏஎம்டி அதை வடிவமைத்திருக்கிறது. சாதாரண ஐ5 ஒன்று பிரவுசர் திறந்ததற்கே 95 காட்டினால் அது நோய்தான். எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த வேலைக்கு அந்த எண் வருகிறது என்று பாருங்கள்.

சரி, எதை வைத்துப் பார்ப்பது? நான் பார்ப்பதற்குள் அணைந்துவிடுகிறதே!

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். அதைத் திறந்து 'சென்சார்ஸ் ஒன்லி' தேர்ந்தெடுத்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் ப்ராசஸர் பகுதியில் ஒவ்வொரு கோரின் வெப்பநிலை, வேகம், வாட், அதோடு 'தெர்மல் த்ராட்லிங்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் 'யெஸ்' என்று எப்போதாவது வந்திருந்தால், மேக்ஸிமம் பத்தியில் அது பதிவாகியிருக்கும்.

நீங்கள் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டால் கவலை இல்லை. கீழே லாகிங் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வழக்கமான வேலையைத் தொடங்குங்கள். சாதாரணமாக இரண்டு நொடிக்கு ஒரு வரி என்று கோப்பில் எழுதிக்கொண்டே போகும். சிஸ்டம் அணைந்து திரும்ப வந்ததும் அந்தக் கோப்பை எக்செலில் திறந்து அடிப்பகுதிக்குப் போங்கள், கடைசி முப்பது வரிதான் நமக்கு முக்கியம்.

நான் பார்த்த இரண்டு கோப்புகளைச் சொல்கிறேன். ஒன்றில் வெப்பநிலைப் பத்தி 84, 91, 96, 99, 100, 100, 100 என்று போனது. பக்கத்துப் பத்தியில் வேகம் 4000 மெகாஹெர்ட்ஸில் இருந்து 3100, 2200, 1200, 800 என்று படிக்கட்டு இறங்கியது போல இறங்கி, அதோடு கோப்பு முடிந்துவிட்டது. இது சூடு. இன்னொன்றில் வெப்பநிலை 61, 63, 62, வேகம் கடைசி வரி வரை 4200, அத்துடன் முடிவு. அங்கே ப்ராசஸருக்கு ஒரு குறையும் இல்லை, எஸ்எம்பிஎஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. மின்சாரம் திடீரென்று போவதால் கடைசி ஓரிரண்டு வரிகள் எழுதப்படாமல் விட்டுப்போகலாம். இருந்தாலும் போக்கு தெளிவாகத் தெரியும். லினக்ஸ்காரர்கள் எல்எம்-சென்சார்ஸ் போட்டுக்கொண்டால் போதும், சூட்டினால் வேகம் குறைந்திருந்தால் கெர்னல் லாகிலும் அது எழுதப்பட்டிருக்கும்.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக இருக்கிறது. அதுதான் காரணமா?

இல்லை. 41 என்பதற்கு 'போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது' என்பது மட்டுமே பொருள். கரண்ட் போனாலும் 41 வரும், நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 வரும். பெயரில் பவர் என்று இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

41-க்குள் டீட்டெய்ல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் 'பக்செக்கோட்' என்று ஒரு எண் இருக்கும். அது 0 என்றால் நீலத்திரைகூடக் காட்ட நேரமில்லாமல் நின்றிருக்கிறது என்று அர்த்தம். சூட்டின் உச்சத்தில் அணைவதும் இப்படித்தான் பதிவாகும், மின்சாரக் கோளாறும் இப்படித்தான் பதிவாகும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. 292 அல்லது 257 என்றால் ப்ராசஸர் பக்கம் பாருங்கள். சூடு, ஓவர்க்ளாக் (நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் ஓட்டுவது), வோல்டேஜ் குறைவு மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 26 என்றால் ரேம் பக்கம், 278 என்றால் கிராஃபிக்ஸ் கார்டு பக்கம்.

சூட்டை நேரடியாகச் சொல்லும் பதிவுகள் வேறு. 'கெர்னல்-ப்ராசஸர்-பவர்' என்ற பெயரில் 37 என்ற எண் வந்திருந்தால், ப்ராசஸரின் வேகத்தை ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கட்டுப்படுத்தியிருக்கிறது. லேப்டாப்பில் இதை நிறையப் பார்க்கலாம், சார்ஜர் சரியில்லாவிட்டாலும் வரும். 'கெர்னல்-பவர் 86' இருந்தால் வெப்பம் எல்லை மீறியதால் அணைத்தேன் என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது, அதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

மென்பொருள் எதுவும் போடத் தெரியாது. வேறு வழி உண்டா?

இருக்கிறது. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை ஓர் அடி தள்ளி வைத்து உள்ளே காற்று போகும்படி போடுங்கள். வழக்கமாக அரை மணி நேரத்தில் அணைவது இப்போது இரண்டு மணி நேரம் ஓடினால் சூடுதான், வேறு சந்தேகமே வேண்டாம். இது மருந்து இல்லை, சோதனை மட்டுமே, அப்படியே வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். இரண்டே மாதத்தில் தூசி மெத்தை போல அடைந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்பதை 100-ல் இருந்து 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம் குறைத்ததுபோல் தெரியும், ஆனால் டர்போ வேகம் (தேவைப்படும்போது ப்ராசஸர் தானாக எடுக்கும் கூடுதல் வேகம்) முழுதாக நின்றுவிடும், வெப்பம் பத்து இருபது டிகிரி இறங்கும். இதற்குப் பிறகு அணையவில்லை என்றால் சிக்கல் சூட்டிலோ, உச்ச வேகத்துக்குத் தேவையான மின்சாரத்திலோ இருக்கிறது, ரேமோ விண்டோஸோ காரணம் இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அவசர வேலை இருப்பவர்கள் ரிப்பேர் முடியும்வரை இப்படியே ஓட்டிக்கொள்ளலாம். சில லேப்டாப்களில் இந்த அமைப்பை மறைத்து வைத்திருப்பார்கள்.

பிரைம்95 போன்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டலாமா? ஏதும் ஆகிவிடாதே?

ஓட்டலாம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு. பிரைம்95-ல் 'ஸ்மால் எஃப்எஃப்டி' என்பது நிஜ வேலைகளைவிட மிகக் கடுமையாகச் சூடேற்றும், அதில் நூறைத் தொட்டதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல மாட்டேன். நான் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பேன். எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். தொடங்கிய ஒன்றிரண்டு நொடியிலேயே 45-ல் இருந்து 98-க்குத் தாவினால், ப்ராசஸரின் சூடு ஹீட் சிங்குக்கே போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், இல்லையென்றால் ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால், சூடு ஹீட் சிங்குக்கு வந்துவிட்டது, அங்கிருந்து வெளியேறத்தான் வழியில்லை. தூசி, ஃபேன், கேபினட் காற்றோட்டம் இவற்றைப் பாருங்கள். எங்கே கைவைப்பது என்பதை இந்த ஒரு வித்தியாசமே சொல்லிவிடும்.

சூடு என்று உறுதியாகிவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

ஹீட் சிங்க் ஆடுகிறதா என்று பாருங்கள். பேஸ்ட் வாங்கப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

மதுரையில் என் தங்கை வீட்டில் ஐ5-10400 போட்ட சிஸ்டம் ஒன்று. பையன் அதில்தான் படிக்கிறான். வீடு மாறிய இரண்டாவது வாரத்தில் இருந்து அணைய ஆரம்பித்தது. முதல் கடையில் ரேம் மாற்றினார்கள். அப்புறம் ஃபார்மட் அடித்தார்கள், பையனின் ப்ராஜெக்ட் அதோடு போய்விட்டது. இன்னொரு கடையில் எஸ்எம்பிஎஸ் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் கடையில் நன்றாக ஓடியது, வீட்டுக்கு வந்தால் நின்றது. கடையில் ஏசி அறை, தகடு கழற்றிய கேபினட், சும்மா டெஸ்க்டாப் திரை. வீட்டில் மே மாத மாடி அறை, மூடிய கேபினட், ஆன்லைன் வகுப்பு. யாரும் வெப்பநிலையைப் பார்க்கவே இல்லை.

நான் போனபோது பிரவுசரில் வீடியோ ஒன்று போட்டதற்கே 97 காட்டியது. அணைத்து, வயரைப் பிடுங்கி, தகட்டைத் திறந்து, ஹீட் சிங்கின் நான்கு மூலையையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மூன்று மூலை அசையவில்லை. நான்காவது மூலையில் சாப்பாட்டு மேசையின் குட்டைக் கால் போல லேசாக ஆட்டம் இருந்தது. இன்டெல் பெட்டியோடு தரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்குமே, அதில் ஒன்று மதர்போர்டின் ஓட்டையில் இருந்து வெளியே வந்திருந்தது. வீடு மாற்றியபோது வண்டியில் அடிபட்டிருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் பேஸ்ட் ஒரு பாதியில் அழுந்தியும் மறுபாதியில் தொடாமல் மேடாகவும் இருந்தது. துடைத்து, புது பேஸ்ட் வைத்து, பின்னை அழுத்தியதும் 'டக்' என்று சத்தம் வந்தது. அதே வீடியோவுக்கு அடுத்து 52 காட்டியது. பேஸ்டைத் தவிர வேறு செலவே இல்லை.

அந்தப் பின்களைப் பற்றிக் கொஞ்சம். தலையில் ஒரு அம்புக்குறி செதுக்கியிருக்கும், அது காட்டும் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும்போது நான்கையும் எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குறுக்கே எதிரெதிராக இருக்கும் இரண்டை ஒரே சமயத்தில் அழுத்துங்கள், பிறகு மற்ற இரண்டை. நான்கு தடவையும் சத்தம் கேட்க வேண்டும். முடிந்தால் மதர்போர்டின் பின்புறம் டார்ச் அடித்து, நான்கு கறுப்பு முனைகளும் ஓட்டை வழியே முழுதாக வெளியே விரிந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

ஹீட் சிங்க் ஆடவில்லை என்றால் ஃபேன் சுற்றுகிறதா, அதன் வயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தூசி. ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி போல ஒரு படலம் ஒட்டியிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். ப்ளோயரோ, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷோ போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். புதிதாக அசெம்பிள் செய்த சிஸ்டம் என்றால் ஹீட் சிங்கின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரித்தார்களா என்றும் பார்க்க வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள்.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? எந்த கம்பெனி?

நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு. அகலமான ப்ராசஸர் என்றால் கொஞ்சம் கூட்டி, பெருக்கல் குறி போல இரண்டு கோடு. தோசைக்கு மாவு பரப்புவது போல நாமே தேய்க்க வேண்டியதில்லை, ஹீட் சிங்கின் அழுத்தமே பரப்பிவிடும். பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் புதியதை வைக்க வேண்டும், பழையதன் மேலேயே வைக்கக் கூடாது. ஆர்க்டிக், நாக்டுவா போன்ற பெயர் தெரிந்த எதை வாங்கினாலும் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம், அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பெயரே இல்லாத சின்ன வெள்ளைப் பாக்கெட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. லிக்விட் மெட்டல் பக்கம் புதியவர்கள் போக வேண்டாம். அதில் மின்சாரம் பாயும், ஒரு துளி சிந்தினால் போர்டு போய்விடும், அலுமினியத்தையும் அரித்துவிடும்.

ஹீட் சிங்கை இழுத்தேன், ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது!

ஏஎம்டி ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) இது நடக்கும். லாக் போட்டிருந்தாலும், காய்ந்த பேஸ்ட் ப்ராசஸரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். முதலில் கீழே உள்ள ஊசிகள் வளைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். நேராக இருந்தால் ஒன்றும் ஆகவில்லை. வளைந்திருந்தால் மெக்கானிக்கல் பென்சிலின் குழாய் முனையை ஊசியில் நுழைத்து மிக மெதுவாக நிமிர்த்தலாம், கை நடுங்குபவர்கள் வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த தடவை கழற்றுவதற்கு முன் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஹீட் சிங்கை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள். நேராக மேலே இழுக்கக் கூடாது. ஏஎம்5-ல் இந்தப் பிரச்சினை இல்லை.

லிக்விட் கூலர் போட்டிருக்கிறேன். எனக்கும் சூடாகுமா?

ஆகும், பம்ப் நின்றுவிட்டால். ரேடியேட்டர் ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருப்பதாக நினைப்போம், உள்ளே தண்ணீர் ஓடியிருக்காது. பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) நிமிடத்துக்கு நிமிடம் வெப்பம் ஏறுகிறது, ஆனால் ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால் பம்ப்பைத்தான் பார்க்க வேண்டும். சில நேரம் பம்ப்பின் வயரை ஃபேன் போல வேகம் கூடிக் குறையும் இடத்தில் செருகியிருப்பார்கள், அதை முழு வேகத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

லேப்டாப்புக்கு என்ன செய்வது?

அடிப்படை அதேதான், இடம்தான் குறைவு. மெத்தையிலும் மடியிலும் வைத்தால் அடிப்பகுதியில் காற்று இழுக்கும் ஓட்டைகள் மூடிக்கொள்ளும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் இரண்டு புத்தகம் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். அதிலேயே ஐந்தாறு டிகிரி இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். வெளியேறும் ஓட்டையில் கையை வைத்துப் பாருங்கள். ஃபேன் கத்துகிறது, ஆனால் வரும் காற்று பலவீனமாக இருக்கிறது என்றால் உள்ளே தகடுகளில் தூசி அடைத்திருக்கிறது. ஃபேன் கத்துகிறது, காற்றும் நன்றாக வருகிறது, ஆனால் அந்தக் காற்றில் சூடே இல்லை, சென்சார் மட்டும் 97 காட்டுகிறது என்றால் பேஸ்ட் காய்ந்துவிட்டது. திறப்பதற்கு முன் வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள், திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

வெப்பநிலை 65-ஐத் தாண்டவே இல்லை. ஆனாலும் அணைகிறது.

அப்படியென்றால் ப்ராசஸரை விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பழசா, கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யத் தொடங்கும்போது மட்டும் அணைகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், கரண்ட் ஒரு கணம் ஏறி இறங்கினாலே சிஸ்டத்தைக் கைவிட்டுவிடும். வீட்டில் விளக்கு ஒரு மினுக்கு மினுக்கியதையே நாம் கவனித்திருக்க மாட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ப்ராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதி மதர்போர்டில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். விலை குறைந்த போர்டில் பெரிய ப்ராசஸரைப் போட்டால் சூடாவது இதுதான். ப்ராசஸர் 60 டிகிரியில் இருக்கும்போதே வேகம் மட்டும் திடீரென்று 800-க்கு விழுவது, சில நொடியில் திரும்ப ஏறுவது என்றிருந்தால் விஆர்எம்மைச் சந்தேகப்படுங்கள். டேபிள் ஃபேன் சோதனை இதையும் பிடித்துவிடும்.

ஓவர்க்ளாக் செய்தவர்களும் வோல்டேஜைக் குறைத்தவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 60 டிகிரியில் ஸ்திரமாக ஓடும் அமைப்பு 85-ல் நீலத்திரை போடலாம், எல்லையைத் தொடாமலேயே. பயாஸை டீஃபால்ட்டுக்கு மாற்றிவிட்டு அதன்பிறகு சோதிக்க ஆரம்பியுங்கள்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஏதோ பிரச்சினை என்றார்களே, அதுவும் சூடுதானா?

இல்லை, ஆனால் நிறைய பேர் சூடு என்று நினைத்துக் கூலர் மேல் கூலராக மாற்றினார்கள். ப்ராசஸர் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியதால் நாளடைவில் உள்ளுக்குள்ளேயே சேதமடைந்தது, அதுதான் விஷயம். ஐ9-13900கே, 14900கே வைத்திருந்தவர்களிடம் இருந்துதான் புகார்கள் அதிகம் வந்தன. கேம் தொடங்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சம்பந்தமில்லாத எரர் வரும், கார்டில் மெமரி நிறைய இருக்கும். 2024 ஆகஸ்ட்டில் இன்டெல் இதற்கு மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டது, செப்டம்பரில் இன்னொன்று. இரண்டும் பயாஸ் அப்டேட் வழியாக வரும். வாரன்டியையும் கூடுதலாக இரண்டு வருடம் நீட்டித்தது. அப்டேட் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருப்பித் தராது. உங்கள் ப்ராசஸர் இந்த வரிசையில் இருந்து, வெப்பநிலை சரியாக இருந்தும் கேம்கள் விழுந்துகொண்டே இருந்தால், கூலருக்குச் செலவழிக்காமல் வாரன்டி கேளுங்கள்.

வெயில்காலத்தில் மட்டும் அணைகிறது, மழைக்காலத்தில் ஒன்றுமே இல்லை. ஏன்?

ஃபேன் அறையின் காற்றைத்தான் வீசுகிறது, அந்தக் காற்றைவிடக் குளிராக அதனால் எதையும் ஆக்க முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் ப்ராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் 25 டிகிரி அறையில் 86 காட்டிய சிஸ்டம், மே மாத மாடி அறையில் 39 டிகிரி இருக்கும்போது நூறைத் தொட்டுவிடும். வெயில் புதிதாக நோயைக் கொண்டுவரவில்லை, காய்ந்த பேஸ்டும் தூசியும் மார்கழியிலும் இருந்தன. அதனால் பங்குனியிலேயே ஒரு தடவை தூசி தட்டிவிடுங்கள். கேபினட்டை மேசை அலமாரிக்குள் கதவு மூடி வைத்திருப்பவர்கள் அந்தக் கதவைத் திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பயாஸில் சும்மா இருக்கும்போதே 55 காட்டுகிறது. விண்டோஸில் 40தான். எது சரி?

இரண்டும் சரி. பயாஸ் திரையில் ப்ராசஸர் ஓய்வு நிலைக்குப் போகாது, அதனால் கூடுதலாகக் காட்டும். பயாஸில் நிற்கும்போதே ஏறிக்கொண்டே போய் 90-ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

பல மாதமாக 100-லேயே ஓடியிருக்கிறது போல. ப்ராசஸர் கெட்டிருக்குமா?

பெரும்பாலும் இல்லை. வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொண்டிருக்கும், நீங்கள் இழந்தது வேகத்தைத்தான். சூட்டைச் சரிசெய்த பிறகு பயாஸை டீஃபால்ட்டில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். 75 டிகிரியிலும் 292 என்ற எண் மறுபடி மறுபடி வந்தால் மட்டும் ப்ராசஸரையோ போர்டையோ சந்தேகப்படலாம்.

நானே திறக்க மாட்டேன், கடையில்தான் கொடுக்கப் போகிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது?

'ஆஃப் ஆகுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடத்தில் அணைகிறது, உடனே போட்டால் எத்தனை நிமிடம், என்ன வேலை செய்யும்போது, அதற்கு முன் வேகம் குறைந்ததா, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி கேபினட்டின் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். லாக் கோப்பு எடுத்திருந்தால் அதன் கடைசிப் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தகட்டை மூடிவைத்து, ஏசி இல்லாத இடத்தில், ஒரு மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'என்னைக் கேட்காமல் ஃபார்மட் அடிக்க வேண்டாம்' என்பதையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது அவர்கள் முன்னாலேயே சினிபெஞ்ச்சைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.